இறக்கத்தில் ஓர் உறுமல்

காவல் நிலையத்திலிருந்து திரும்பும்போது காரை நோரியுகிதான் ஓட்டினான். பக்கத்தில் அப்பா தெத்சுரோ. அவருடைய சட்டைப்பையில், இனி செல்லாது என்று ஓட்டை போட்டுத் தந்த ஓட்டுநர் உரிமம்.

இனிமேல் மலைச்சரிவிலிருக்கும் மிக்கான் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு யாராவது ஏற்றிப் போனால்தான் உண்டு.

நோரியுகிக்கு வருத்தத்தைவிட வெட்கம்தான் அதிகம். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன் என்று கவுண்டரில் அப்பா குனிந்து வணங்கியபோது, அவன் யாரோ போல சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போன மாதம் இதே சாலையில் நடந்தது அது. அப்பாவின் பழைய கியர் லாரியை விற்றுவிட்டு, பாதுகாப்பானது என்று இந்தச் சின்ன ஆட்டோமேட்டிக் காரை வாங்கித் தந்ததே மகன்தான். இறக்கத்தில் அப்பா ஓட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று எஞ்சின் உறுமியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோரியுகி, ஒசாகாவில் ரயிலிலேயே காலம் தள்ளுகிறவன், கத்தினான்.

"அப்பா, அது ஆக்சிலேட்டர். காலை எடுங்க!"

அப்பா எடுத்தார். வண்டி பாய்ந்துபோய்த் தடுப்புக் கம்பியில் தேய்த்துக்கொண்டு நின்றது. கம்பிக்கு அந்தப் பக்கம் கடல்.

வீடு வந்ததுமே உரிமத்தைக் கொடுத்துவிடச் சொன்னான். அப்பா சரி என்று தலையாட்டினார்.

இப்போது சாலை கடலை நோக்கி இறங்கியது. வளைவு வந்தது. நோரியுகி பிரேக்கை லேசாக மிதித்தான்.

எஞ்சின் உறுமியது.

அதே உறுமல். மிதி மாறிவிட்டதா? அவனையறியாமல் கால் மேலே எழும்பியது.

"எடுக்காதடா. உன் கால் பிரேக்குலதான் இருக்கு. இறக்கத்துல பிரேக்கைத் தொட்டா இந்த வண்டி எஞ்சினை வச்சுத்தான் இழுத்துப் பிடிக்கும். அதான் கத்துது."

அப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

நோரியுகி மீட்டரைப் பார்த்தான். உறுமல் கூடக் கூட வேகம் குறைந்துகொண்டுதான் இருந்தது.

அப்படியானால் அன்றைக்கும் அப்பா மிதித்தது பிரேக்கைத்தான். இவன் கத்தினான் என்றுதான் காலை எடுத்திருக்கிறார். அது அவருக்குத் தெரியும். தெரிந்தே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அவமானத்தில் அவனுக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான்.

அப்பா கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.