இரவல் பதக்கம்

“கொமாண்டர் எண்டா, மகனுக்கு இப்ப இருக்கிற பட்டத்தைவிடப் பெரிசோ?” என்று கேட்டார் மேபல்.

“ஓம் அன்ரி, ஒரு படி மேல” என்றாள் நோர்வே கொன்சல் அலுவலகத்திலிருந்து வந்திருந்த இமெல்டா. “மேல உயர்த்தினா, முந்திக் குடுத்த பதக்கத்தைத் திருப்பி எடுக்கிறது அவையின்ட வழக்கம். அதுதான் வந்தனான்.”

கொட்டாஞ்சேனையின் அந்தச் சிறிய வீட்டு முன்னறை மேசையில், செய்தி கேட்டதும் எதிர்ப் பேக்கரியில் வாங்குவித்த பட்டர் கேக் துண்டு துண்டாக வெட்டி வைக்கப்பட்டிருந்தது. இமெல்டா அதைத் தொடவில்லை.

மேபலின் ஒரே மகன் றேமண்ட், கொழும்புத் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவன். எழுபத்திரண்டாம் ஆண்டுச் சோளகக் காற்றுக் காலத்தில், முகத்துவாரத்துக்கு அப்பால் தீப்பற்றிய நோர்வேக் கப்பலொன்றுடன் தன் படகை அணைத்துப் பிடித்து, மாலுமிகள் அத்தனை பேரையும் இறக்கிக் காப்பாற்றினான். அந்நாட்டு அரசர் அவனுக்குப் புனித ஓலாவ் விருதின் பட்டமும் பதக்கமும் அளித்தார். அந்நாட்டுக் கப்பல் நிறுவனமொன்று வேலையும் கொடுத்து அழைத்துக்கொண்டது.

“செலீன்! தேத்தண்ணி எங்க?” என்று மேபல் உள்நோக்கிக் குரல் கொடுத்தார். குளியலறையிலிருந்து தண்ணீர் விழும் ஓசை மட்டுமே பதிலாக வந்தது.

“கேக்குதே? என்ட மருமகள் பைப்பைத் திறந்தா, அது ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளா இதே கூத்து. முனிசிப்பல்காரன் காலமையில விடுறதே ஒரு சொட்டு. அதையும் இவ கானுக்கு விடுறா.”

ஓசை நின்றது. செலீன் தேநீர்த் தட்டுடன் வந்தாள். முகமும் முன்மயிரும் நனைந்திருந்தன.

“முகம் கழுவினனான், மாமி.”

“முகம் கழுவ ஒரு கிணத்துத் தண்ணியோ? புருசன் கொமாண்டர் எண்டவுடனே மகாராணிக் குளிப்பு!”

இமெல்டா சிரிக்க முயன்றாள். மாரடைப்பிலிருந்து மேபல் எழுந்து நடமாடத் தொடங்கி அதிக காலமாகவில்லை. படியேறுவதும் மனம் அதிர்வதும் அவருக்கு ஆகாதென டொக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மாமியிடம் எதையும் மெல்லச் சொல்லும்படி, செலீன் வாசலிலேயே இமெல்டாவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திருஇருதயப் படத்தின் கீழே, நீல வெல்வெற் பெட்டியில் பதக்கம் இருந்தது. வெள்ளைச் சிலுவை, நடுவில் கோடரி ஏந்திய சிங்கம். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும், மேபல் அதைப் பஞ்சுத் துணியால் துடைப்பார். அந்த வேலையை வேறெவருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

“குடுக்க எனக்கு மனமில்லைப் பிள்ளை” என்றார். “அவன் கடலில நிக்கேக்க, எனக்கு அவன் எண்டு இருக்கிறது இது ஒண்டுதான். கொண்டு வந்த அண்டைக்கே சொன்னவன், ‘இது இரவல் நகை மாதிரி, அம்மா. என்ட ஆயுளுக்கும் நான் போடலாம். ஆனா எங்கட சொத்தில்லை, ராசாவின்ட’ எண்டு.”

இமெல்டா மடியிலிருந்த கைக்குட்டையை முறுக்கினாள்.

“சரி, புதுசைக் கொண்டு வந்தனியோ?”

“இல்லை அன்ரி. அது ஒஸ்லோவிலயிருந்து… பிறகு வரும்.”

“அப்ப அவசரமென்ன? நத்தார்ப் பூசைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவன். புதுசைக் குத்தினாப் பிறகு, பழசை அவனே தன்ட கையால கொண்டுவந்து தருவான். என்ன செலீன்?”



“சீனி கொண்டுவாறன், மாமி” என்று செலீன் சட்டென உள்ளே போனாள்.

சீனிக் கோப்பை தேநீர்த் தட்டிலேயே இருந்தது.

குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. தண்ணீர் மீண்டும் விழத் தொடங்கியது. மேபல் இம்முறை கடிந்துகொள்ளவில்லை. சீனிக் கோப்பையைப் பார்த்தார். தொடப்படாத கேக்கைப் பார்த்தார். பின்னர், தலையைச் சற்றே சாய்த்து, அந்த ஓசையை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேபல் நாற்காலியை ஊன்றி எழ, இமெல்டா தாங்க எழுந்தாள். அவளைக் கையமர்த்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி தாமே நடந்து சென்று, மேபல் பெட்டியை எடுத்தார். பஞ்சுத் துணியைத் தேடவில்லை. சேலைத் தலைப்பாலேயே சிலுவையைத் துடைத்தார். சிவப்பு நாடாவை மடிப்புக் கலையாமல் மடித்து வைத்தார். மூடுவதற்கு முன், குனிந்து அதை முத்தமிட்டார்.

பிறகு, பெட்டியை இமெல்டாவின் இரு கைகளிலும் வைத்தார்.

“கப்பல் கடலுக்க தாண்டு போச்சுதோ, பிள்ளை?”

இமெல்டாவால் தலைநிமிர முடியவில்லை. பெட்டியின்மேல் அவளுடைய கண்ணீர் விழுந்தது.

மேபல் நாற்காலியில் மெல்ல அமர்ந்து, குளியலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“செலீன், அந்தப் பைப்பைப் பூட்டிப்போட்டு வந்து, என்ட மடியில கிடந்து அழு, மகள்.”