கோப்புக்கு வேர்க்காது

"இங்க எத்தனை டிகிரி?" கையில் கோப்புடன் வந்தவர் கேட்டார்.

"முப்பத்தேழு சார்," என்றார் தலைமை நர்ஸ். "பச்சைக் குழந்தைங்க வார்டு இது. வெளியில மர நிழல்ல நின்னாக்கூட இதைவிடத் தேவலை."

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் நர்ஸை முறைத்தார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்திருப்பதாக நர்ஸ் போன் செய்ததும், மாடியிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தார். இந்த வார்டுக்கு அவர் வழி கேட்டுத்தான் வரவேண்டியிருந்தது. பாவம், பதவிக்கு வந்து மூன்று வருடம்தானே ஆகிறது!

"வெயில் காலம் சார். இப்பவே பழகிட்டா பின்னாடி குழந்தைங்களுக்கு நல்லதுதான்," என்று இளித்தார்.

"நேத்து மூணு குழந்தைக்குச் சூட்டுலயே ஜுரம். ஒண்ணு பாலே குடிக்கல," என்றார் நர்ஸ். "ஜன்னல்ல ஈரத்துணியைக் கட்டி எத்தனை நாள் ஓட்டுறது?"

"ஏசி கேட்டு ஃபைல் போட்டிருக்கோமே சார்!"

"எப்போ?"

"மூணு வருஷம் இருக்கும்..."

"இப்ப அது எங்க?"

"என் ரூம்லதான் சார். பத்திரமா இருக்கு."

"அங்க எத்தனை ஏசி?"

"ரெண்டு சார்."

"அதானே. ஃபைலுக்கு வேர்க்காது."

வந்தவர் கோப்பைத் திறந்து எதையோ நீளமாக எழுதினார். வார்டின் சூடு கண்காணிப்பாளருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சாயந்திரம் மறுபடி வருவேன். நாளைக்கும் வருவேன்."

மூன்று வருடமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்த வேலை, ஒரு கையெழுத்தும் இல்லாமல் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. மாடி அறையின் இரண்டு ஏசிகளும் இறங்கிவந்து வார்டுச் சுவரில் ஏறின. மாலையில் இருபத்தேழு டிகிரி. காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தைகள் அடங்கித் தூங்கின. அதைப் பார்த்த நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"திருப்திதானே சார்? ரிப்போர்ட்ல கொஞ்சம் பார்த்து எழுதுங்க," என்று குழைந்துவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி மாடியேறினார் கண்காணிப்பாளர்.

அவர் தலை மறைந்ததும் வந்தவர் கோப்பை நர்ஸிடமே திருப்பிக் கொடுத்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை விடாமச் சொல்லிட்டேன்ல சிஸ்டர்? அப்பாக்களை உள்ள விடமாட்டீங்கன்னு தெரியும்... இன்னைக்கு ஒரே ஒரு தடவை, என் பொண்ணைத் தூக்கிக்கிறேனே!"