அடுத்த பிறவியில் யாரோடு?

தஞ்சாவூரில் படம் பார்த்துவிட்டுப் பிரகதீஸ்வரியும் தமிழரசனும் கீழ்வேளூருக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஒரு விஞ்ஞானி, இறந்துபோன காதலி எங்கே மறுபடி பிறந்திருக்கிறாள் என்று ஒரு கருவியை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறான்.

"அந்த மாதிரி மெஷின் நிஜமாவே வந்தா, அடுத்த பிறவியிலயும் என்னையே கட்டிக்குவியா?" என்று தமிழரசன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

பிரகதீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அது முடியாதுங்க. வேற ஒருத்தருக்கு வாக்கு கொடுத்துட்டேன்."

தமிழரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கிறவ நீ. மறுபிறவியெல்லாம் நம்புறியா?"

"நான் நம்பலைங்க. சேகர்தான் நம்பினார். ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார். வாக்கு கொடுத்தது நான்தானே?"

சேகர் அவளுடைய முதல் கணவன். அவன் போய்ச் சில வருஷங்கள் கழித்து, இந்தத் தை மாதம்தான் தமிழரசனை மணந்திருந்தாள். சொன்னது தப்பாகிவிட்டதோ என்று தமிழரசனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

தமிழரசன் நீளமாக மூச்சு விட்டான். "நல்லவேளை! வாய் தவறிக் கேட்டுட்டேன். நீ சரின்னு சொல்லியிருந்தா நான் மாட்டியிருப்பேன்."

"ஏன்?"

"என் முதல் சம்சாரம் தேவகியும் கண்ணை மூடறதுக்கு முன்னாடி இதையேதான் கேட்டா. நானும் சரின்னுட்டேன்."

பிரகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "அப்ப நமக்குன்னு இருக்கிறது இந்த ஒரு பிறவிதானா?"

"ஆமா. அதனால ஜன்னலை விட்டுட்டுக் கொஞ்சம் கிட்ட வந்து உட்காரு."