கடை வாசலில் நடந்தவர்

கட்டட வேலையில் விழுந்து முதுகு உடைந்த நாளிலிருந்து றோய் சக்கர நாற்காலியை விட்டு எழும்பியதில்லை. ஆனாலும் அவருக்கு இயலாமைக் கொடுப்பனவு மறுக்கப்பட்டது. காரணம் ஒரு வீடியோ. அதில், வோபர்ன் பகுதியில் ஒரு தமிழ்க்கடை வாசலில் றோய் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து நடக்கிறார்.

அது தானில்லை என்று அவர் நீதிமன்றம் வரை போனார். இன்று நீதிபதி படத்தை நிறுத்தி, முகத்தை உற்றுப் பார்த்தார். புருவத்துத் தழும்புகூட அப்படியே இருந்தது. மனு தள்ளுபடியானது.

மனைவி கிளடிஸ் நாற்காலியை லிஃப்ட் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நீயாவது நம்பு, கிளடிஸ். அது நானில்லை."

"ஓம், எனக்குத் தெரியும். அந்த மூட்டை எங்கடைதான். வீடியோவிலை நடக்கிற அவர்தான் காருக்குள்ளை ஏத்திவிட்டவர்."

றோய் கழுத்தைத் திருப்பினார். "ஆர் அது? ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆரெண்டு எனக்கும் தெரியாது. சொன்னா ஆர் நம்புவினம்? சனிக்கிழமையளிலை கடையடியிலை நிப்பார். உங்களுக்கு இப்ப எப்பிடி எண்டு கேப்பார்."

"நீ என்ன சொன்னனீ?"

லிஃப்ட் கதவு திறந்தது. கிளடிஸ் அவரை உள்ளே தள்ளினாள்.

"இனி எழும்பமாட்டார் எண்டு சொன்னன். அவர் அழுதுபோட்டார்."