தோரி வாசலுக்கு வெளியே

கோயில் திருவிழா வேலைப் பட்டியலில் மீன் ஏலக்காரர் வீடு வரும், சலூன்காரர் வீடு வரும், வருஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஊருக்கு வந்துபோகும் பல் டாக்டர் வீடுகூட வரும். ஏலக்கூடத்துக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கும் மிசாவோவின் பெயர் மட்டும் வராது. வெளியூர்க்காரி, தனிக்கட்டை, முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறவள். இந்த வருஷம் பெருக்க ஆள் போதாததால்தான் அவளைச் சேர்த்திருந்தார்கள்.

அவளோ கோயில் முகப்பில் நிற்கும் தோரி வாசலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அந்தச் சிவப்பு மரத் தூண்களுக்கு வெளியே நின்று தெருவைப் பெருக்கினாள்.

மூன்றாவது ஞாயிறும் அப்படியே.

மகளிர் குழுத் தலைவி தமாகி உள்ளே நடைபழகிக் கொண்டிருந்தாள். புத்தரிசித் தட்டைச் சாமி முன்னால் ஏந்திச் செல்லும் பேறு, தீவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்தெட்டாம் வருஷத்தில்தான் அவளுக்கு வாய்த்திருந்தது. தட்டில் மூச்சுப் படாதிருக்க, மடித்த வெள்ளைக் காகிதத்தை உதடுகளில் கவ்வியிருந்தாள். பேசுவதற்காக அதை எடுத்தாள்.

"ஏம்மா, சாமி ரோட்டுலயா குடியிருக்கு? உள்ள வந்து பெருக்கு."

"இந்தப் பக்கத்தை நான் பாத்துக்கறேன்க்கா."

"உள்ள வர முடியலையா, பிடிக்கலையா?"

மிசாவோ குனிந்து பெருக்கிக்கொண்டே இருந்தாள். வாளியோடு வந்த சதாயோ வாயைக் கொடுத்தாள்.

"தீட்டோ என்னமோக்கா. சொந்தத்துல சாவு விழுந்தா அம்பது நாள் வாசலைத் தாண்டக் கூடாதுல்ல?"

"சாகறதுக்கு இவளுக்கு யாரு இருக்கா?"

"பூனை ஒண்ணு வரும், போகும். அதுவும் பக்கத்து வீட்டுது!"

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தமாகி கேட்டாள்.

"சொல்லு, தீட்டா?"

"கேக்காதீங்கக்கா."

"உடம்பு வணங்கல, அதுக்கு இத்தனை ஜாலம். சாமி பயம் இல்லாதவ பேரு பட்டியல்ல எதுக்கு? அடிச்சிரவா?"

"அடிச்சிருங்க."

அந்தப் பணிவுதான் தமாகிக்கு எரிச்சலைக் கிளப்பியது. தூரிகையை மையில் தோய்த்து, பட்டியல் பலகையில் இருந்த மிசாவோவின் பெயர்மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"கோடு என்ன நேரா வந்திருக்கு பாருங்க!" என்றாள் சதாயோ.

எல்லோரும் தேநீருக்குக் கோயில் கூடத்துக்குள் போனார்கள். தமாகிக்கு மனம் ஆறவில்லை. வாசல்வரை நடந்தாள். இவள் உள்ளே, அவள் வெளியே.

"பேரை அடிச்சப்பகூட வாயத் திறக்கல. அப்படி என்ன ரகசியம்?"

மிசாவோ சுற்றிலும் பார்த்தாள். காதில் விழும் தூரத்தில் யாரும் இல்லை.

"எங்க இல்லத்துல ஒரு பெரியவர் இருந்தார்க்கா. 'நான் செத்தா எனக்காகக் கோயிலுக்கு வெளிய நிக்க ஒரு ஆள் கிடையாது'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடைசியில என் கையைப் பிடிச்சிட்டேதான் போனார். அதான் நான் நிக்கறேன். இன்னிக்கு நாப்பதாவது நாள்."

"ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் நீ தீட்டுக் காப்பியா? அவனுக்கு ரத்த சொந்தம் யாரும் இல்லையா?"

"ஒரு தங்கச்சி இருக்காங்க. அப்பாவோட படகை வித்துக் குடிச்சிட்டு வீட்டை விட்டு ஓடினவராம் அவர். முப்பது வருஷம் ஆச்சு. நான்தான் தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவர் பேரைச் சொல்லி, போயிட்டாருங்கன்னேன்."

தமாகியின் விரலிடுக்கில் காகிதம் கசங்கியது.

"'எனக்கு அண்ணன்னு யாரும் கிடையாது, ராங் நம்பர்'னு வெச்சுட்டாங்க. பேசறது யாருன்னுகூடக் கேக்கல."

கூடத்திலிருந்து சதாயோவின் குரல் வந்தது. "அக்கா, டீ ஆறுது!"

மிசாவோ குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க தட்டு ஏந்தற வருஷம்க்கா இது. நான் வாயத் திறந்தா அது போயிடும். அதான் கேக்காதீங்கன்னு சொன்னேன்."

தமாகி குனிந்து பார்த்தாள். அவள் கால்கள் இரண்டும் வாசலுக்கு உள்ளே இருந்தன. நாற்பது நாளாக, நாள் தவறாமல், உள்ளேதான் இருந்தன. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. காகிதம் கவ்வாமலே வாய் மூடிக் கிடந்தது.

மிசாவோ துடைப்பத்தைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, வாசலை நோக்கி ஒருமுறை தலைவணங்கிப் போனாள்.

திருவிழாவில் தட்டைச் சதாயோ ஏந்தினாள். தமாகி முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலிருந்துவிட்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். பலகையில் இழுத்த கோட்டை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

மிசாவோ ஐம்பது நாளையும் குறைவறக் காத்தாள். ஐம்பத்தோராம் நாள் கைகழுவி, வாய் கொப்பளித்து, முதல்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்து கும்பிட்டாள். டிசம்பரில் வேறு ஊர் இல்லத்துக்கு வேலை மாறிப் போய்விட்டாள். 'சாமி பயம் இல்லாதவ' என்றுதான் இன்றைக்கும் இந்த ஊரில் அவளுக்குப் பெயர்.