குழம்புல உப்பே இல்ல

"ஏட்டி, குழம்புல உப்பே இல்ல."

இலையில் கை வைத்ததும் முத்துக்குமாரசாமி சொல்லும் முதல் வார்த்தை இதுதான். நெல்லையம்மாளுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ரசத்தில் உப்பில்லை, கூட்டில் உப்பில்லை. ஊறுகாயிலேயே உப்பில்லை என்று சொன்ன மனுஷன் சங்கரன்கோவிலில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கல்யாணமான புதிதில் அவள் சமையலை வழித்து வழித்துச் சாப்பிட்டவர்தான். யுத்தம் முடிந்ததிலிருந்து இதே பாட்டு.

அவருக்கு ஸ்டேஷன் பக்கம் சோப்புப் பட்டறையில் வேலை. தேங்காய் எண்ணெயில் சோடாக்காரத்தைக் கலந்து கிண்டி, பெட்டியில் ஊற்றி, உறைந்ததும் கட்டிகளாக அறுத்துக் காயப்போட வேண்டும். அங்கே முதலாளி முன்னால் வாயே திறக்க மாட்டார். வீட்டுக்கு வந்தால் மட்டும் நாக்கு நீண்டுவிடுகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லித்தான் அவள் ஆற்றிக்கொள்வாள்.

நேற்று சிவகிரியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்திருந்தார். பார்த்துப் பார்த்துப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். இவர் ஒரு வாய் சாப்பிட்டு, மச்சினர் முன்னாலேயே முகத்தைச் சுளித்தார். அதோடு விட்டாரா? எழுந்து போய், ஜாடியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிச் சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்.

அண்ணன் துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். இவரோ இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வேண்டுமென்றே செய்த அவமானம் என்று அவளுக்கு முடிவாகிவிட்டது. காலை பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பும்போது அண்ணனும், பேசாமல் நம் வீட்டோடு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் துணிமணியை மூட்டையாகக் கட்டினாள். வீட்டைப் பூட்டினாள். பட்டறையில் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அப்படியே சிவகிரி பஸ் ஏற வேண்டியதுதான்.

பட்டறையில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பலகையில் காய்ந்த சோப்புக் கட்டி ஒன்றை எடுத்தார். நாக்கு நுனியில் வைத்தார். துப்பிவிட்டு அடுத்த கட்டியை எடுத்தார். அது சுரீரென்று கடித்திருக்க வேண்டும். தோளைக் குலுக்கி, அதை மட்டும் தனியே தள்ளி வைத்தார்.

சோப்பு அறுத்துக்கொண்டிருந்த ஆதமிடம் இது என்ன கூத்து என்று மெதுவாகக் கேட்டாள்.

"சோடாக்காரம் கூடியிருந்தா நாக்குல கடிக்கும் மதினி. அந்தக் கட்டியத் திரும்ப உருக்கணும். பெட்டிக்கு ஒண்ணு பாத்தாப் போதும்னு முதலாளியே சொல்லுதாரு. அண்ணாச்சி ஒவ்வொண்ணா வைப்பாரு. ருசி செத்துப் போயிரும் வேண்டாம்ங்கேன், கேட்டாத்தானே?"

"எப்பருந்து இப்படி?"

"யுத்தத்துல நல்ல காரம் கிடைக்காம ஒரு ஈடு சோப்பே கெட்டுப்போச்சுல்லா, அப்பருந்து. அந்த சோப்புல உங்க கை வெந்து போச்சாமே. இனி எந்த வீட்டுப் பொம்பள கையும் அப்படி வேகக்கூடாதும்பாரு."

நெல்லையம்மாள் உள்ளங்கையைப் பார்த்தாள். புண் ஆறிய தடம் இன்னும் இருந்தது. அன்றைக்கு அது ஆறும்வரை வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் அவர்தான்.

அவளுக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. தன் நாக்கு செத்துப்போனதுகூடத் தெரியாமல் ஒரு மனுஷன் பெண்டாட்டியைக் குறை சொல்லிக்கொண்டு திரிவாரா?

அவர் திரும்பினார். மூட்டையைப் பார்த்தார்.

"எங்கட்டி கிளம்பிட்ட?"

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்கயும் இல்ல. துணி துவைக்கணும், ஒரு கட்டி சோப்பு குடுங்க."

பார்த்து வைத்த கட்டிகளிலிருந்து ஒன்றை எடுத்தார். அதையே இன்னொரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

சாயங்காலம் அவர் இலை முன் உட்கார்ந்தபோது, சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்தாள். சொன்னால் சோப்பில் நாக்கை வைப்பதை நிறுத்த மாட்டார். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதைத்தான் நிறுத்துவார்.

குழம்பை ஊற்றினாள். அடுப்படியிலேயே ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாயிற்று, உப்பு சரியாகத்தான் இருந்தது.

"ஏட்டி, குழம்புல உப்பே இல்ல."

"ஆமா, போட மறந்தே போச்சு" என்று சொல்லி, அவர் இலையோரம் உப்பை வைத்தாள் நெல்லையம்மாள்.