மூப்பர் வீட்டு லேஸ்

“வேலை தந்தா செய்து குடுப்போம். வீட்டுக்குள்ள வந்து வேடிக்கை பாக்கதுக்கு இது பொருட்காட்சி இல்ல, பெமிலா” என்றார் யேசுரத்தினம்.

பெமிலா மாமனாரின் எதிரே நகராமல் நின்றாள். முப்பது வருடம் சபை மூப்பராக இருந்தவர். முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய முதுகு சாய்மானத்தில் படாது.

“பெல்ஜியத்துல இருந்து இதுக்குன்னே வந்திருக்காங்க மாமா. மிஷின்ல அடிச்சதைக் கைவேலைன்னு சொல்லி யாரோ முன்னால ஏமாத்தியிருக்காங்க. அதான் கையை நேர்ல பாத்து, படமும் எடுத்துட்டுத்தான் அடுத்த வேலை தருவாங்களாம்.”

“நம்ம வீட்டுல மிஷின் கிடையாது.”

“எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாண்டாமா? கொட்டகைல பதினாலு பேருக்க கையையும் பாத்தாச்சு. நடுவுல வார பூ மட்டும் மாமி பின்னுறது. அது கணக்கா, அச்சுல வார்த்த மாதிரி இருக்காம். அதுலதான் சந்தேகமே.”

“அந்தப் பூ எந்த உடுப்புக்குப் போவுது?”

“தெரிஞ்சுக்கிட்டே கேக்கியளே மாமா. கல்யாணப் பொண்ணுங்க உள்ள போடுறதுக்கு.”

“அதைப் போட்டுட்டு ஒருத்தி நிக்க படம். அதுக்குப் பக்கத்துல எனக்க வீட்டுக்காரி படம். இல்லியா?” அவர் எழுந்தார். “வேலை போனா போகட்டும். ராகேல ஒருத்தரும் வந்து பாக்காண்டாம்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும். ஆள் பார்த்தால் எண்ணிக்கை தப்பும் என்று ராகேல் தனியாக உட்கார்ந்தே பின்னுவாள். முடிந்த பூக்களைச் சனிக்கிழமைதோறும் வெள்ளைத் துணியில் சுற்றி மூப்பரே கொண்டுவந்து கொடுப்பார். பெமிலா அடுத்த தெருவில் தனி வீட்டில் இருந்தாள். கணவன் ஜிபின் குவைத்தில். கல்யாணமாகி ஆறு வருடத்தில் மாமி பின்னுவதை அவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

பெமிலா நடத்தும் லேஸ் கொட்டகையில் பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியின் முன்னாலும் உருண்டைத் தலையணை. அதன்மேல் ஊசி குத்திய அட்டை. அட்டையைச் சுற்றி நூல் சுற்றிய குச்சிகள். மிஷன் துரைசானிகள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நாகர்கோவில் பக்கத்துப் பெண்களுக்குப் பழக்கிய வேலை. இத்தனை காலம் திருவிருந்து மேசை விரிப்புக்கும் மணப்பெண் முக்காட்டுக்கும் போனது. இப்போது பட்டு உள்ளாடைக்குப் போகிறது. ஒவ்வொரு உடுப்பிலும் பூவைப் பின்னியவளின் பேரை ஒரு சீட்டில் எழுதித் தைப்பார்கள்.

“என்ன சொன்னாரு?” என்றாள் லீமா.

“பாக்காண்டாமாம்.”

“எனக்குத் தெரியும். கொடியில பாடியைக் காயப்போட்டாலே மேல ஒரு துண்டை விரிக்கச் சொல்லுத மனுசன்.”

“பிறக்கும்போதே வேட்டியோட பிறந்திருப்பாரு” என்றாள் ரெஜிலா. “ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் பொண்டாட்டி கையைப் புடிச்சுக்கிட்டுல்லா கோயிலுக்கு வாராரு. இந்த வயசுல. அப்ப வெக்கம் வராதாக்கும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். ரெஜிலா சிரிக்கவில்லை.

“பெமிலா, இந்த வேலை நின்னா எனக்க மவளுக்க நர்சிங் படிப்பும் பாதியில நிக்கும். நீ மாமியிட்ட ஒரு வார்த்தை கேளு. பொம்பளைக்குப் பொம்பளை மனசு தெரியும்.”

பெல்ஜியத்துக்காரி கிளேர் ஓரத்தில் ஒரு பூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். வண்டி வெளியே நின்றது.

“வாங்க” என்று பெமிலா அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். வருகிற பேச்சைத் தானே வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டாள்.

மூப்பர் வீட்டு முற்றத்தில் நாற்காலி காலியாக இருந்தது. இந்நேரம் சபை ஆபீசுக்குப் போயிருப்பார். பெமிலா கிளேரை அடுக்களை வழியாக உள்ளே கூட்டிப்போனாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் குச்சிகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் கேட்டது. கூடவே மாமியின் குரல், ஜெபம் சொல்வதுபோலத் தாழ்ந்து, நிதானமாக.

“ரெண்டு முறுக்கு… ஒண்ணு தாண்டு… இப்ப ஊசி குத்து.”

கிளேர் நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தாளம் தெரிந்திருந்தது. அவள் முகத்திலிருந்த சந்தேகம் போய்விட்டது.

“மாமி, கோவிச்சுக்காதீங்க” என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பெமிலா கதவைத் தள்ளினாள்.

“யாரு?” என்றாள் ராகேல். சுவரோரம் உட்கார்ந்து, முருங்கைக்கீரையை விரலால் தடவித் தடவி உருவிக்கொண்டிருந்தவள், இரண்டடி தூரத்தில் நின்ற மருமகளை அடையாளம் தெரியாமல் முகத்தை உயர்த்தினாள். தலையணைக்கு முன்னால் சம்மணமிட்டு, ஒரு கண்ணாடிக்குமேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மணப்பெண் உள்ளாடைக்கான பூவைப் பின்னிக்கொண்டிருந்தவர் மூப்பர்.

“அவளுக்கு நூலு கண்ணுல தெரியாம போயி நாலு வருசமாச்சு, எண்ணுறது இப்பவும் அவதான்” என்றார், குச்சிகளிலிருந்து கையை எடுக்காமல். “சீட்டுல அவளுக்க பேரே இருக்கட்டும், மக்கா.”